குன்றக்குடியிலிருந்து குடியில்லாத் தீவுக்கு

குன்றக்குடி மலைமேல் ஏறி நின்று நான்கு புறமும் நோக்கினால் கண்மாய்கள் தெரியும், பனைகள் தெரியும், செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக் கூரைகள் தெரியும். கடல் மட்டும் தெரியாது. ஆகவே நமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது பூகோளப் படத்தில் நீல மசி பூசிய இடம். தீவு என்பது அந்த நீலத்தில் விழுந்த ஒரு புள்ளி. ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் மன்னார் வளைகுடாவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். "இங்கே 21 பவளத் தீவுகள் உள்ளன, ஒன்றிலும் மனிதர் வசிப்பதில்லை, அவை வன இலாகாவின் ஆட்சியில் இருக்கின்றன" என்று வழக்கம் போல் சொல்லி முடித்தோம். பின் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஆளே இல்லாத இடத்தில் யாரை சார் ஆளுகிறார்கள்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு மேலே சென்றோம். ஆனால் கேள்வி நம்மை விட்டபாடில்லை. இருபது வருஷமாக அதே வாக்கியத்தைச் சொல்லி வருகிறோமே, ஒரு தடவையாவது அத்தீவுகளைக் கண்ணால் கண்டதுண்டா என்பது அப்போதுதான் உறைத்தது.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் வந்து கூடும் நாட்கள் அவை. ஊரெல்லாம் மேற்கே பார்த்து நிற்க, நாமும் நமது சித்திர ஆசிரியரும் மட்டும் கிழக்கே போகும் ரயிலைப் பிடிக்கக் காரைக்குடிக்கு ஓடினோம். மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று செம்மண் வெளுத்து மணலாகி, வேலிக் கருவை மறைந்து பனையும் தாழையும் தலைகாட்டத் தொடங்கியபோது மண்டபம் வந்துவிட்டது. அதன்பின் பாம்பன் பாலம். 1914இல் கட்டிய பழைய பாலம் 2022இல் ஓய்வு பெற்றுவிட்டது. 2025ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மேல் இப்போது வண்டிகள் போகின்றன. இடது ஜன்னலில் பாக் நீரிணை, வலது ஜன்னலில் மன்னார் வளைகுடா. இந்தக் கரையோரத்து ஜனங்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்லுகிறார்கள். வாடைக்காலத்தில் வடக்கே இருக்கும் பெண்கடல் பொங்கும். தெற்கே ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். தை மாதத்தை நாம் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் விடுமுறை அப்போதுதான் கிடைத்தது.

பாம்பனில் இறங்கிக் குந்துகால் என்னும் துறைக்குச் சென்றோம். சிகாகோவிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897ஆம் வருஷம் ஜனவரி 26ஆம் தேதி தாய்நாட்டு மண்ணில் கால் வைத்த இடம் இதுவே. சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டு வரவேற்றார். நினைவு மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் படகுத் துறைக்கு வந்தோம். தீவுகளில் இஷ்டம் போல் யாரும் இறங்கிவிட முடியாது. வன இலாகாவின் அனுமதியோடும் அவர்களுடைய ஏற்பாட்டின்படியும்தான் குருசடைத் தீவுக்குப் போகலாம். படகோட்டி ஒருவர், வனக் காவலர் ஒருவர், நாம் இருவர், மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம். எல்லாரும் மிதவைச் சட்டை அணிந்துகொண்டோம். சித்திர ஆசிரியர் தம் பருத்த உடம்பில் அந்தச் சட்டையைப் பூட்ட முடியாமல் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப் போவதில்லை.

தீவை அடையுமுன் ஒரு விஷயம். பவளத் தீவு என்றவுடன் நேயர்கள் படங்களில் பார்த்திருக்கும் வளையம் நினைவுக்கு வரும்: நடுவே பச்சை நீர்த் தடாகம், அதைச் சுற்றி மோதிரம் போல் தரை. இதற்கு அடோல் என்று பெயர். மாலத்தீவு பாஷையிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட வார்த்தை அது. எரிமலைத் தீவு ஒன்று மெள்ள மெள்ளக் கடலில் அமிழ, அதன் விளிம்பில் ஒட்டிய பவளம் மட்டும் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்து வளையமாக நிற்கிறது என்று சார்ல்ஸ் டார்வின் 1842இல் எழுதினார். நூறு வருஷத்துக்கு மேல் விவாதம் நடந்தது. 1952இல் பசிபிக் சமுத்திரத்து எனிவெட்டோக்கில் ஆயிரம் மீட்டருக்கும் அதிக ஆழம் துளையிட்டுப் பார்த்தபோது அடியில் எரிமலைப் பாறை அகப்பட்டது. நம் தேசத்தில் அசல் அடோல்களைக் காண வேண்டுமானால் லட்சத்தீவுக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் அவையும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவையே. 1956இல்தான் தனி யூனியன் பிரதேசம் ஆயின. அங்கே சுஹேலி என்ற வளையத்தில் இன்றும் நிரந்தரக் குடியில்லை. மன்னார் வளைகுடாவில் வளையங்கள் இல்லை. கரையை ஒட்டிய ஆழமற்ற கடலில் பவளம் வளர்ந்த பார்கள், அவற்றின்மேல் அலை கொணர்ந்து குவித்த மணலும் பவளச் சல்லியும், அவைதான் தீவுகள். இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை சுமார் 140 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மாலை போலக் கிடக்கின்றன. 21 தீவுகளையும் சேர்த்தாலும் தரைப் பரப்பு ஏறத்தாழ 6 சதுர கிலோமீட்டர்தான். எல்லாவற்றிலும் பெரியது முசல்தீவு, சுமார் 129 ஹெக்டேர். குருசடை அதில் பாதியளவு.

பெயர்களைப் பாருங்கள்: நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, முள்ளித் தீவு, ஆனைப்பார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி. எந்த அதிகாரியும் உட்கார்ந்து இட்ட பெயர்கள் அல்ல இவை. தாகத்தோடு வள்ளத்தைத் திருப்பிய ஒருவன், எங்கே குடிநீர் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்லி வைத்தவை. ஆளில்லாத தீவுக்கு இவ்வளவு பொருத்தமான பெயர் எப்படி வந்தது என்று அந்தப் பையன் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

குருசடையில் இறங்கினோம். வெண்மணல், உற்றுப் பார்த்தால் அது மணல் அன்று, பொடிந்த பவளமும் சிப்பியும். கரையோரம் அலையாத்திச் செடிகள். காலடியில் நண்டுகள் ஓடி வளையில் மறைந்தன. மனித சந்தடி இல்லாத இடத்தில் காற்றின் சப்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது! இந்தச் சிறு தீவு உலகத்து விலங்கியல் ஆராய்ச்சியாளருக்கெல்லாம் பழக்கமான பெயர். சென்னை மியூசியம் 1927இல் குருசடையின் கரையோர ஜீவராசிகளைப் பற்றித் தனி வெளியீடே கொணர்ந்தது. முதுகெலும்புள்ள பிராணிகளுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்டது என்று விலங்கியல் மாணவர்கள் உருப்போடும் பலனோகிளாசஸ் என்னும் புழு இங்கே மணலில் வாழ்கிறது. கல்லூரியில் சீசாவுக்குள் சாராயத்தில் ஊறிக் கிடந்ததை நாம் பார்த்ததுண்டு. அதன் சொந்த ஊரில் நிற்கிறோம் என்பது விசித்திரமாக இருந்தது.

ஆழமற்ற இடத்தில் காவலர் படகை நிறுத்தச் சொல்லி, கீழே பார்க்கச் சொன்னார். மான் கொம்பு போல், மூளை போல், காளான் குடை போல் பாறைகள். பாறை என்றோம், அது பிழை. ஒவ்வொன்றும் கோடானுகோடி சிறு ஜீவன்கள் கூடிக் கட்டிய ஊர். அந்த ஜீவனின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு சமைத்து வீட்டுக்காரனுக்கும் கொடுக்கிறது. பவளத்தின் வர்ணமும் பெரும்பாலும் குடித்தனக்காரனுடையதே. கோடையில் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறி, சூடு வாரக்கணக்கில் தணியாமல் நின்றால் இந்தக் கூட்டுக் குடித்தனம் கலைகிறது. பாசி வெளியேற, பவளம் வெளுத்து நிற்கிறது. சூடு நீடித்தால் மடிகிறது. 2016ஆம் வருஷத்துக் கோடையில் மன்னார் வளைகுடாவில் இப்படி நேர்ந்தது. உயிருள்ள பவளம் மூடியிருந்த பரப்பு நூற்றுக்கு 39 பங்கு அளவிலிருந்து 23க்கும் கீழே இறங்கிவிட்டதாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். நீருக்கடியில் சில இடங்களில் சாம்பல் நிறத்தில் கிடந்தவை அப்படி மடிந்தவைதான் என்று காவலர் சொன்னார்.

கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு வெள்ளைத் துண்டைச் சித்திர ஆசிரியர் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். காவலர் பணிவாகவே, "வச்சிடுங்க சார்" என்றார். செத்த கல்தானே என்று கேட்டதற்கு, செத்ததும் சட்டத்தில் உண்டு என்று பதில் வந்தது. வாஸ்தவம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளத்தையும் சேர்த்தார்கள். புலிக்கு உள்ள காப்பு கல்லுக்கும் உண்டு. சித்திர ஆசிரியர் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தம் நோட்டுப் புஸ்தகத்தில் வரைந்துகொண்டார். படம் நன்றாகவே வந்தது.

திரும்பும்போது படகோட்டியிடம் பேச்சுக் கொடுத்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். முன்பெல்லாம் இந்தக் கல்லை என்ன செய்வார்கள் என்று கேட்டோம்.

"எங்க அப்பா காலத்துல வள்ளம் வள்ளமா ஏத்தியிருக்கு சார். சுண்ணாம்புக் காளவாசலுக்கு, வீடு கட்ட, தூத்துக்குடிப் பக்கம் ஆலைக்கு."

"சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல்தானே எடுப்பார்கள்?"

"கிளிஞ்சலும் போச்சு, கல்லும் போச்சு. காளவாசல்ல வெந்தப்புறம் எது கிளிஞ்சல், எது கல்லு?"

நாம் அதற்குமேல் பேசவில்லை. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் மகிமை தெரியும். சுண்ணாம்பை மைபோல் அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்து, பூச்சின்மேல் பூச்சாக இழைத்த சுவர். கண்ணாடி போல் மின்னும். சித்திரை வெயிலிலும் முதுகைச் சாய்த்தால் குளிரும். நமது பாட்டனார் கட்டிய வீட்டிலும் அப்படி ஒரு சுவர் உண்டு. சிறு வயதில், இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு கிழக் கொத்தனாரைக் கேட்டபோது, "கடற்கரையிலேர்ந்து தம்பி" என்றார். கிளிஞ்சல் என்று நாமாகவே எண்ணிக்கொண்டோம். குளிர்ந்த அந்தச் சுவரில் எத்தனை பங்கு கிளிஞ்சல், எத்தனை பங்கு பவளம் என்று இனி யார் பிரித்துச் சொல்வது?

கல் எடுத்த பலன் கடலில் தெரிகிறது. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லித் தீவும் நீரில் அமிழ்ந்துவிட்டன. பார் உயர்ந்திருந்தவரை அலையின் வேகத்தைத் தடுத்தது. பாரை வெட்டி எடுத்தபின் அலை நேரே மணலில் விழுந்து அரித்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1969இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்தது. 2015 வாக்கில் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த வருஷக் கடைசியில் தமிழ்நாட்டு சர்க்கார் அதைச் சுற்றிக் கான்கிரீட்டினால் செய்த செயற்கைப் பார்களை இறக்கத் தொடங்கினர். இயற்கை இலவசமாகக் கட்டிக் கொடுத்ததைப் பணம் கொடுத்துத் திருப்பிக் கட்டுகிறோம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகுதான், இந்தத் தீவுகள் கரைக்கு அரண் என்பது தூத்துக்குடிக் கரையில் பலருக்குப் புரிந்தது. கல் எடுப்பதும் அதையடுத்து நின்றது.

இனி ஆட்சி விஷயத்துக்கு வருவோம். முன்பு இந்தக் கடலோரத்துச் சங்குக்கும் முத்துக்கும் பாத்தியதை சேதுபதிகளுடையதாக இருந்தது. ஆங்கில ஆட்சிக் காலத்தில் மீன் இலாகா வந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் நிறைவேறியது. 1986இல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள நீரையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் தேசியப் பூங்கா என்று தமிழ்நாட்டு சர்க்கார் அறிவித்தனர். 1989இல் அதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஏற்பட்டது. தேசியப் பூங்கா என்றால் அனுமதியின்றி உள்ளே ஒரு புல்லையும் பறிக்கக் கூடாது. தீவு காட்டு இலாகாவினுடையது; மீன்பிடிப்பு மீன்வளத் துறையினுடையது; கடற்காவல் கடலோரக் காவல் படையினுடையது. குடிமகன் ஒருவன்கூட இல்லாத இடத்துக்கு இத்தனை எஜமானர்கள். பையனுடைய கேள்வியில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறோம்.

குந்துகாலுக்கு அருகில் சின்னப்பாலம் என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு வீட்டு வாசலில் பாசி உலர்ந்துகொண்டிருந்தது. மனிதர் வசிக்காத தீவுகளை அன்றாடம் அறிந்தவர்களை அங்கேதான் கண்டோம். இந்தக் கரையில் நூற்றுக்கணக்கான ஸ்திரீகள் படகேறித் தீவோரப் பார்களுக்குச் சென்று, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி பறித்து ஜீவிக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று வகைகள். பாறை கிழிக்காமல் விரலில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். காலில் ரப்பர்ச் செருப்பு, கண்ணில் நீர்க் கண்ணாடி, இடுப்பில் வலைப் பை. வேறு கருவி இல்லை. மரிக்கொழுந்திலிருந்து அகர் என்னும் சரக்குக் கிடைக்கிறது. நமது பள்ளிக்கூட ஆய்வுசாலை அலமாரியில் அகர் என்று சீட்டு ஒட்டிய ஒரு டப்பா இருப்பது சட்டென்று ஞாபகம் வந்தது. சுவரும் கடலிலிருந்து, டப்பாவும் கடலிலிருந்து.

அந்த வீட்டு அம்மாளிடம் தீவைப் பற்றிக் கேட்டோம். "ஆளில்லாத தீவுதானே?" என்றோம்.

"யார் சார் சொன்னது? ஏழு வயசிலேர்ந்து எங்கம்மாவோட போறேன். எந்தப் பாறையில ஏறினா வழுக்கும்னு இருட்டுல சொல்லுவேன்."

"இப்போது தீவில் இறங்கலாமா, அம்மா?"

"இறங்கக் கூடாது. தண்ணியிலதான் நிக்கிறோம். அதுவும் பூங்காவுக்குள்ளதானாமே!" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

இவர்கள் பவளத்துக்குக் கெடுதல் செய்கிறார்கள் என்ற வாதம் உண்டு. பாறைமேல் கால் வைத்தால் பவளம் உடையும் என்பது பொய்யும் அல்ல. அதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதனால்தான் மாதம் முழுவதும் போவதை விட்டு, மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலுக்குப் போவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள்: அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. வேரோடு பிடுங்காமல் மறுபடி தழைக்கும்படி பறிப்பதும் அந்தக் கட்டுப்பாட்டில் சேர்ந்தது. இவர்களுக்காக வாதாடிய சின்னப்பாலத்துப் பெண்மணி லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவிலுள்ள சீகாலஜி என்ற ஸ்தாபனம் பரிசு அளித்தது. கலிபோர்னியாவுக்கு எட்டிய செய்தி கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லாத குன்றக்குடிக்கு எட்டவில்லை. பூகோள வாத்தியாருக்கே எட்டவில்லை.

இதோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. பன்னாட்டு வியாபாரத்துக்கு உகந்தது என்று காப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசியை மண்டபம் பக்கத்தில் 1990களில் கொணர்ந்து வளர்த்தார்கள். நல்ல வருமானம், பல குடும்பங்கள் பிழைத்தன. ஆனால் 2008இல் அது குருசடைப் பவளத்தின்மேல் படர்ந்து மூடிக் கிடப்பதை ஆராய்ச்சியாளர் கண்டு எழுதினர். ஒளி புகாமல் பவளம் மடிகிறது. ஆட்களை இறக்கிக் கையால் பிடுங்க வேண்டியிருக்கிறது. விரலில் துணி சுற்றி மூழ்குகிறவள் தன் கண்ணால் காணாத ஒரு பாசியையும் இந்தக் கடலுக்குக் கொணர்ந்தவளல்ல. பாரை வெட்டி வள்ளத்தில் ஏற்றி ஆலைக்கு விற்றவளும் அல்ல. ஆயினும் சட்டத்தின் கையில் எளிதாக அகப்படுகிறவள் அவள்தான். வன இலாகாவின் மேல் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. காவல் இல்லாதிருந்தால் இன்னும் சில புள்ளிகள் படத்திலிருந்து மறைந்திருக்கும். 2000 வாக்கில் ஏற்பட்ட உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை கிராமங்களில் குழுக்கள் அமைத்து, மாற்றுத் தொழிலுக்குக் கடனும் உதவியது. அது நல்ல ஆரம்பம். ஆனால் கடன் கொடுப்பது வேறு, கலந்து ஆலோசிப்பது வேறு. நமது ஊரில் குன்றக்குடி அடிகளார் கிராமத் திட்டம் வகுத்தபோது காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளையும் ஊர் ஜனங்களையும் ஒரே பந்தியில் உட்கார்த்திப் பேச வைத்தார். எந்தப் பாறை வழுக்கும் என்று இருட்டில் சொல்லக் கூடியவர்களுக்குத் தீவுகளைப் பற்றி முடிவு செய்யும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டால் பவளத்துக்கு நஷ்டம் வராது என்பது நம் அபிப்பிராயம்.

அந்தி வண்டியில் திரும்பினோம். பாலத்தின்மேல் வரும்போது தெற்கே குருசடை ஒரு கறுத்த கோடாகத் தெரிந்தது. சித்திர ஆசிரியர் தூங்கிவிட்டார்.

திங்கட்கிழமை கொடியேற்றம், செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகையில் கடற்கரையை வரைந்து, இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 புள்ளிகள் வைத்துப் பெயர்களை எழுதினோம். யாரை ஆளுகிறார்கள் என்று கேட்டவனை எழுப்பி, சின்னப்பாலத்து அம்மாளைப் பற்றிச் சொன்னோம். அவன் கவனமாகக் கேட்டான். பிறகு, நீரில் அமிழ்ந்துவிட்ட இரண்டு தீவுகளையும் படத்தில் போடுவதா, விடுவதா என்று கேட்டான். சற்று யோசித்து, புள்ளிக் கோட்டால் வட்டமிட்டுப் பெயரையும் எழுதச் சொன்னோம்.